கிழமேற்காகப் போட்ட பிட்ச்

இந்தியா உலகக் கோப்பையை ஜெயித்ததால் என் தலையில் வந்து விழுந்த வேலை அது. ஜெயித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. அதுவரை மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கவர் டிரைவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியர். சாலைக்குச் சரியான ஜல்லி கொட்டினார்களா, பள்ளிக்கூடச் சுவரில் சிமெண்டு போதுமான அளவு இருக்கிறதா என்று பார்ப்பது உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் கிரிக்கெட் சங்கத்தின் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்பேன். ஓடவும் வராது, பந்து போடவும் வராது என்றால் கிரிக்கெட்டில் மிஞ்சுகிற இடம் அதுதான். சங்கத்துக்குச் செயலாளரும் நானே. வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதைத் தவிர அதற்கு ஒரு காரணமும் கிடையாது.

எங்கள் மைதானம் ஊருக்கும் கோட்டைக்கும் நடுவில் கிடந்தது. மேற்கே பாதி தூர்ந்துபோன அகழி, அதையடுத்து மதில், மதிலுக்குப் பின்னால் ராஜகிரி மலை. பந்து அகழிக்குள் உருண்டால் நான்கு ரன். முள்ளுக்குள் இறங்கி அதை எடுத்து வருவதற்குள் பேட்ஸ்மேன் உட்கார்ந்து ஒரு பீடி பிடித்து முடித்துவிடலாம். நாயக்கர் காலத்தில் குதிரைப்படை கவாத்து செய்த இடம் என்பார்கள் சிலர். பிரெஞ்சுக்காரன் பீரங்கி நிறுத்திய இடம் என்பார்கள் வேறு சிலர். எது நிஜமோ எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே கிரிக்கெட் ஆடினார்கள் என்பது மட்டும் நிச்சயம். அவர்கள் விட்டுப்போன கருங்கல் உருளை ஒன்று கிடந்தது. நாட்டு ஓடு வேய்ந்த கொட்டகை ஒன்றும் இருந்தது. முன்புறம் மரக் கிராதி, உள்ளே இரண்டு அறைகள். கூரையைச் செல் அரித்துவிட்டிருந்தது. காற்று பலமாக அடித்தால் ஆட்டக்காரர்கள் கால்காப்பைக் கழற்றாமலே வெளியே ஓடி வருவார்கள்.

சங்கத்தின் தலைவர் ஊரில் பெரிய அரிசி மில் வைத்திருந்தவர். நல்ல மனிதர், தாராளக் கைக்காரர். அவரிடம் இருந்த ஒரே கஷ்டம், ஒரு வேலையை நினைத்தால் அது மறுநாள் காலையில் முடிந்திருக்க வேண்டும். நல்ல பிட்ச்சும் உடை மாற்ற உருப்படியான இடமும் இருந்தால் மாவட்ட லீக் ஆட்டங்களைச் செஞ்சிக்குத் தருகிறோம் என்று மேலே இருந்து தகவல் வந்ததும் என்னை மில்லுக்குக் கூப்பிட்டனுப்பினார். நெல் அவிக்கிற நெடியில், அரவை இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பேசினார்.

"ஓவர்சியரே, மெட்ராஸ் மாதிரி இருக்கணும். சிமெண்டு பிட்ச் போடு. சுத்தி கேலரி கட்டு. அந்த இடிஞ்ச கொட்டாய இட்ச்சிட்டு மாடி வச்ச கட்டடமா போட்டுடு. வாசல்ல எங்க நைனா பேர்ல ஒரு ஆர்ச். மத்தத நான் பாத்துக்கறேன்."

"கோட்டை ஆபீஸ்ல கேக்கணுங்க. அந்த இடம் அவங்க எல்லைக்குள்ள வருது."

"இன்னா கேக்கறது? நாம இன்னா கோட்டையவா இடிக்கறோம்? பந்து ஆடப் போறோம்."

கோட்டையைப் பார்த்துக்கொள்ள வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி புதிதாக வந்திருந்தார். கும்பகோணத்துப் பக்கம். மெலிந்த உடம்பு, வெயிலோ நிழலோ எப்போதும் கையில் விரித்த குடை. குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. குரலை உயர்த்தாத மனிதர்களோடு சண்டை போடுவது எவ்வளவு சிரமம் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

"சார், நீங்க மைதானம்னு சொல்றேள். என் வரைபடத்துல அது கோட்டையோட முன்களம்" என்றார். "கேலரி கிடையாது. ஆர்ச் கிடையாது. கொட்டகையை இடிக்கக் கூடாது. வேணும்னா பழுது பாருங்கோ, ஆனா சுண்ணாம்புச் சாந்துலதான். நாட்டு ஓடுதான். சிமெண்டு ஒரு கரண்டிகூட ஆகாது."

"பிட்ச் போடறதுக்காவது?"

அவர் குடையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "மேலாகத் தோண்டிக்கோங்கோ. நான் கூட இருக்கறப்ப மட்டும்."

இதை நான் மில்லில் போய்ச் சொன்னால் அவர் கத்துவார். அவர் கத்தியதைக் கொஞ்சம் நயமாக மாற்றிக் கோட்டையில் போய்ச் சொன்னால் இவர் மெதுவாகத் தலையை ஆட்டுவார். ஆபீஸ் முடிந்து சைக்கிளை எடுத்தால் மில், கோட்டை, மில், கோட்டை. செக்குமாடாவது ஒரே திசையில் சுற்றும். என் மனைவி ஒருநாள் சோறு போட்டபடி கேட்டாள், "ஏங்க, அவங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்லதான இருக்கறாங்க? நேரா பேசிக்கவே மாட்டாங்களா?" மாட்டார்கள். அதுதான் விஷயமே. மில்லுக்காரர் அதிகாரியை ஆபீஸர் என்று ஒதுக்கினார், அதிகாரி அவரைப் பணக்காரர் என்று ஒதுக்கினார்.

அறுவடை முடிந்து ஆட்கள் கிடைத்ததும் பிட்ச் தோண்ட ஆரம்பித்தோம். எல்லா மைதானத்தையும் போல வடக்கு தெற்காக, பழைய பிட்ச் இருந்த அதே இடத்தில். முழங்கால் ஆழம்கூடப் போயிருக்க மாட்டோம். கடப்பாரை 'டங்'கென்று ஒலித்தது. அதிகாரி குடையை மடக்கினார். அவர் குடையை மடக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குழிக்குள் இறங்கி, கையாலேயே மண்ணை விலக்கினார். செங்கல்லும் காரையுமாகக் கட்டிய ஒரு கால்வாய், மேலே பலகைக் கல் மூடி, பிட்ச்சுக்கு அடியில் நீளவாக்கில் போய்க்கொண்டிருந்தது.

"மலை மேலேருந்து தண்ணி எறங்கி வந்த வழி சார் இது" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் குழந்தை பிறந்த செய்தி கேட்ட மாதிரி இருந்தது. "வேலையை நிறுத்துங்கோ."

நிறுத்தினோம். மேலே எழுதிக் கேட்டிருக்கிறேன் என்றார். பதில் வரட்டும் என்றார். பதில் வரவில்லை, மழைதான் வந்தது. குழி நிரம்பியது. பக்கத்துத் தோட்டத்து எருமைகள் இரண்டு அதைக் கண்டுபிடித்து, காலையில் வந்து படுத்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்து போயின. மைதானத்தின் நட்டநடுவில், ஸ்டம்ப் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு ஜோடிக் கொம்புகள்தான் முதலில் கண்ணில் படும்.

எங்கள் அணியின் கேப்டன் பஜாரில் பேக்கரி வைத்திருந்த சாயபு வீட்டுப் பிள்ளை. விக்கெட் கீப்பர். விடியற்காலையில் ரொட்டி அடுப்பை முடித்துவிட்டு நேராகப் பயிற்சிக்கு வருகிறவன். எதற்கும் சிரிக்கிறவன் அவன். அவனே ஒருநாள் என் வீட்டுக்கு வந்து முகம் சுண்டிப்போய் நின்றான்.

"இன்னாண்ணா இது. இருந்த பிட்ச்சும் போச்சு. பசங்க ஏரில போயி ஆடறாங்க. பந்து குத்தினா சேத்துல பொதைஞ்சிக்குது. லீக்கும் வேணாம் ஒண்ணும் வேணாம், குழிய மூடிக் குடுங்க போதும்."

"மூடறதுக்கும் அவரு பர்மிஷன் குடுக்கணும்பா."

"மூடறதுக்குமா?"

எனக்கு அவனிடம் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது.

மழை விட்ட பிறகு ஒரு காலை. நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கேப்டன் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து, மில்லுக்காரர் லாரி நிறைய ஜல்லி அனுப்பிவிட்டார், குழியை மூடிச் சிமெண்டு போடப் போகிறாராம் என்றான். நான் போய்ச் சேர்ந்தபோது லாரி மைதானத்துக்குள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. மில்லுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வா வா என்று டிரைவருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கோட்டை அதிகாரி குழியின் விளிம்பில் குடையோடு நின்றிருந்தார். லாரி தன்மேல் ஏறினாலும் நகரப்போவதில்லை என்கிற மாதிரி நின்றிருந்தார். எருமைகளும் எழுந்திருக்கவில்லை.

நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். அதுவரை நான் பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்திப் பேசியவன் இல்லை. அன்றைக்குப் பேசினேன்.

"ஐயா, நீங்க லாரிய நிறுத்துங்க. சார், நீங்க கொடைய மடக்குங்க. ஆறு மாசமா நான் உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரன் வேல பாத்துட்டேன். இனிமே முடியாது. நீங்க சொல்றத அவருகிட்ட நேரா சொல்லுங்க. அவரு சொல்றத நீங்க கேளுங்க. இல்லன்னா இந்தச் செயலாளர் வேலைய அந்த எருமைக்குக் குடுத்துடுங்க. அதுதான் தெனம் ஒழுங்கா கிரவுண்டுக்கு வருது."

லாரி டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கத் தலையை வெளியே நீட்டினான். பிறகு மில்லுக்காரர், என்னைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தக் கால்வா எவ்ளோ தூரம் போவுது?"

"வடக்கேருந்து தெற்கே. நேர்கோடு மாதிரி."

"அப்ப அதுமேல போடக்கூடாது. அவ்ளோதான?"

"அவ்வளவுதான்."

"கொஞ்சம் தள்ளிப் போட்டா?"

தள்ளிப் போட்டால் ஒரு பக்கம் பவுண்டரி ரோட்டுக்குப் போய்விடும் என்றேன். அதிகாரி குழியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், குடை நுனியால் ஈர மண்ணில் ஒரு கோடு போட்டார். கால்வாய்க்குக் கிழக்கே இருந்த வெற்றிடத்தில், அகழிப் பக்கமிருந்து ஊர்ப் பக்கமாக.

"இப்படித் திருப்பிப் போட்டுக்கப்படாதா சார்?"

"அட, ஆமாய்யா" என்றார் மில்லுக்காரர்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அதுவும் தப்பான விஷயத்தில். கிழமேற்காகப் பிட்ச் போடக் கூடாது, சாயங்காலம் சூரியன் நேராக பேட்ஸ்மேன் கண்ணில் அடிக்கும், உலகம் முழுக்க வடக்கு தெற்காகப் போடுவது அதனால்தான் என்று நான் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். மில்லுக்காரர் அதிகாரியின் தோளில் கை போட்டு, "காப்பி சாப்ட்டுட்டுப் போங்க" என்று கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். கேப்டன் என்னைப் பார்த்தான். "வுடுண்ணா. பிட்ச்சுனு ஒண்ணு இருக்கட்டும் மொதல்ல" என்றான்.

அப்படியாகக் குழியை மூடி, பிட்ச்சுக்கு மட்டும் சிமெண்டு போகட்டும் என்று அதிகாரி தலையசைக்க, கிழமேற்காகச் சிமெண்டு பிட்ச் போட்டு, மேலே தென்னை நார்ப் பாய் விரித்தோம். அடுத்தது கொட்டகை. அதிகாரி சொன்னபடி சுண்ணாம்பை நீற்றி, மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றிக் குழைத்தோம். ஊறிய தண்ணீரின் நாற்றம் தெருமுனை வரை வந்தது. அதைவிட, வெல்லத்துக்கு எறும்பு வரும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. புள்ளி புள்ளியாக வரவில்லை, படையாக வந்தது. தொடக்க ஆட்டக்காரன் ஒருவன் கால்காப்பைக் கட்டிக்கொண்டு பாதி தூரம் நடந்து போனவன், அங்கேயே அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் துள்ளினான். சாந்து இறுகினால் போய்விடும் என்றார் அதிகாரி. போயிற்று, ஆனால் ஒரு பருவம் ஆயிற்று. நாட்டு ஓட்டுக்காக அனந்தபுரம் வரை அலைந்தேன். ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்ட மெத்தை வீடு கட்டுகிறவர்கள் இடித்துப் போட்ட ஓடுகளை வண்டியில் ஏற்றி வந்தோம். உள்ளே டியூப் லைட்டும் மின்விசிறியும் வேண்டும் என்றார் மில்லுக்காரர். சுவரைக் கொத்தாமல் வைத்துக்கொள்ளலாம் என்றார் அதிகாரி. ஒயர்கள் உத்தரத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடின. பின்னால் ஒரு கழிவறை வேண்டும் என்பதற்கு மட்டும் நான் எத்தனை தடவை நடந்தேன் என்று எனக்கே நினைவில்லை. கடைசியில் எல்லைக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்ட அனுமதி கிடைத்தது. அவசரமாக வருகிற ஆட்டக்காரன் பஸ் பார்த்துத்தான் ரோட்டைக் கடக்க வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதிகாரி தன் ஆட்களை வைத்து அந்தக் கால்வாயைத் தூர்வாரினார். அடுத்த மழைக்கு, எப்போதும் வாரக்கணக்கில் குளமாக நிற்கிற மைதானம் இரண்டே நாளில் காய்ந்தது. நான் பார்த்து அசந்துபோனேன். சந்தோஷப்பட்டிருப்பேன், அவர் என்னைப் பார்க்கிற போதெல்லாம் "பாத்தேளா சார்" என்று சொல்லாமல் இருந்திருந்தால்.

முதல் லீக் ஆட்டம் வந்தது. எதிரணி திண்டிவனத்திலிருந்து வந்திருந்தது. கூட்டம் நன்றாகவே இருந்தது. மில்லுக்காரர் கேலரிக்குப் பதிலாகக் கற்பலகைகளை, மண்ணில் புதைக்காமல் வெறுமனே தரைமேல் போட்டிருந்தார். புதைக்காததால் அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. எதிரணி முதலில் ஆடி முடித்தது. எங்கள் கேப்டனும் இன்னொருவனும் மட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் கைக்கு வந்துகொண்டிருந்தது. அப்போது சூரியன் ராஜகிரியின் தோளுக்கு இறங்கியது.

அகழிப் பக்கமிருந்து வந்த பந்தைக் கேப்டன் பார்க்கவே இல்லை. அது அவன் காதை உரசிக்கொண்டு போயிற்று. அடுத்த பந்துக்குக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு கையில் மட்டையோடு. நான் ஆட்டத்தை நிறுத்தினேன்.

மில்லுக்காரர் வேகமாக உள்ளே நடந்து வந்தார். "இன்னாத்துக்கு நிறுத்தின?"

"சூரியன் கண்ல அடிக்குது. பந்து மண்டையில பட்டா ஆள் போயிடுவான்."

"சூரியனுக்கு நான் இன்னா பண்றது?"

"நான் அன்னிக்கே சொன்னேன்."

"எல்லாரும் ஊர்ப் பக்கத்துல இருந்தே பந்து போடட்டுமே. அப்ப கண்ல அடிக்காதில்ல."

ஓவருக்கு ஓவர் பக்கம் மாற வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி என்றேன். விதியை யார் போட்டது என்றார். திண்டிவனத்துக் கேப்டன், ஆட்டத்தை முடித்துக்கொண்டு பாதிப் புள்ளியாவது கொடுங்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றான். எனக்கு வெறுத்துப் போயிற்று. ஒரு வருட அலைச்சலும் இந்த ஒரு நிமிடத்துக்குத்தானா என்று தோன்றியது. வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஸ்டம்ப் மேல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன்.

அப்போது கொட்டகையிலிருந்து கோட்டை அதிகாரி நடந்து வந்தார். "சண்டை வேண்டாம். கொஞ்சம் பொறுங்கோ. இந்த மாசத்துல சூரியன் மலைக்குப் பின்னாடி சீக்கிரம் போயிடும். அப்பறமும் வெளிச்சம் நன்னா இருக்கும். தினம் மேலேருந்து பாக்கறேனே."

வேறு வழி இல்லை. காத்திருந்தோம். மில்லுக்காரர் பஜாருக்கு ஆள் அனுப்பி டீயும் கேப்டன் பேக்கரியிலிருந்து பன்னும் வரவழைத்தார், எதிரணிக்கும் சேர்த்து. ஆட்டக்காரர்கள், கூட்டம், லாரி டிரைவர்கள், எல்லாரும் மைதானத்தில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை காலம் அந்த ஊரில் இருந்தும் ராஜகிரியை நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்ததில்லை. சூரியன் உச்சிக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இறங்காமல் அடம்பிடித்தது. பிறகு சட்டென்று போயிற்று. மலையின் நிழல் மதிலைத் தாண்டி, அகழியைத் தாண்டி, பிட்ச் மேல் படர்ந்தது. அதிகாரி சொன்னது சரிதான். வெளிச்சம் தெளிவாக இருந்தது, கண் கூசவில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. கேப்டன் அடித்துக்கொண்டே போய், வெற்றிக்குப் பக்கத்தில் வந்ததும் அசட்டுத்தனமாகத் தூக்கி அடித்து அவுட் ஆனான். பின்னால் வந்தவர்கள் திணறித் திணறி முடித்து வைத்தார்கள். ஜெயித்தோம். திண்டிவனத்துக்காரர்களை மில்லுக்காரர் தன் லாரியிலேயே ஏற்றி அனுப்பினார்.

அதற்குப் பிறகு எங்கள் மைதானத்தில் ஆட வருகிற அணிகளுக்கு நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், இங்கே டீ இடைவேளை கடிகாரத்தைப் பார்த்து இல்லை, மலையைப் பார்த்து என்று. சிலர் சிரித்தார்கள். சிலர் புகார் செய்தார்கள். கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே நகர்ந்து மலையை விட்டு விலகிப் போய்விடும். அந்த மாதங்களில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் தனிக்கதை. மில்லுக்காரருக்கு ஆர்ச் கடைசி வரை கிடைக்கவில்லை. ரோட்டோரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி அதில் தன் நைனா பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டார்.

அதிகாரிக்குத்தான் கிரிக்கெட் பைத்தியம் பிடித்துவிட்டது. ஞாயிறு தவறாமல் வந்து கொட்டகையில் உட்கார்ந்துவிடுவார். ஆட்டம் முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொள்வார். எல்லாம் புரிந்தது அவருக்கு, எல்.பி.டபிள்யூ. மட்டும் புரியவில்லை. காலில் பட்டது, நேராக ஸ்டம்புக்குப் போகிறது, பின் ஏன் அவுட் தரவில்லை என்பார். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆனால் கிடையாது என்று நான் கல்லை வைத்து, குச்சியை வைத்து, மண்ணில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டுவார். அடுத்த ஞாயிறு மறுபடி கேட்பார். கோபமே இல்லாமல் கேட்பார், அதுதான் தாங்க முடியாது.

சில வருடங்களில் அவருக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப நானும் கேப்டனும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். மில்லுக்காரர் ஒரு மூட்டை பொன்னி அரிசி அனுப்பியிருந்தார், அதை பஸ் மேலே ஏற்றினோம். அதிகாரி ஜன்னலோரம் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைக் கிட்டே கூப்பிட்டார். ஏதோ மனம் விட்டுச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"லெக் ஸ்டம்புக்கு வெளியே விழறது சார். ஆனா திரும்பி வந்து ஸ்டம்புலதான் படப்போறது. அப்ப அவுட் இல்லன்னா என்ன நியாயம்?"

நான் மறுபடி ஆரம்பித்தேன். பின் சீட்டிலிருந்த ஒருவர் தலையை நீட்டி, அவர் சொல்வதுதான் சரி என்றார். கண்டக்டர், சும்மா இருய்யா, ஆப் ஸ்டம்ப் வேற லெக் ஸ்டம்ப் வேற என்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் நகர்ந்தபோதும் அவர் ஜன்னலில் விரலால் கோடு போட்டு எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கேப்டன் சிரித்துக்கொண்டே நின்றான். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். மூன்று மணிக்கு ஓர் ஆட்டம் இருந்தது.